வீழ்ந்தவனும் திருந்தியவனும்

அன்புள்ள ஐயா,

மாயக்கதைகளில் நாயகன் சறுக்கினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. வில்லன் திருந்தினாலோ உடனே உருகிவிடுகிறேன். ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் வில்லன் டார்த் வேடரின் முகமூடியைக் கழற்றும் இடத்தில் அழுதேன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் போரோமிரை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஏன் இப்படி?

ர.

அன்புள்ள ர.,

போரோமிர் அப்படி என்னதான் செய்துவிட்டான்? தன் நகரத்தைக் காப்பாற்றும் தவிப்பில், மாய மோதிரத்தைச் சுமந்து வரும் நாயகன் ஃப்ரோடோவிடம் அதை முதலில் நயமாகக் கேட்கிறான், அப்புறம் அதட்டுகிறான், கடைசியில் பாய்கிறான். ஃப்ரோடோ மோதிரத்தை மாட்டிக்கொண்டு மறைந்ததும் கல் தடுக்கிக் குப்புற விழுந்து, புத்தி தெளிந்து அழுகிறான். மோதிரம் அவன் கைக்கு வரவே இல்லை. வேடரோ, 2005இல் வந்த படத்தின்படி, பயிற்சிக்கு வந்த குழந்தைகளையே கொன்றவன்.

ஆனால் போரோமிர் கைவைத்தது நமக்கு வேண்டிய ஆள்மேல். ஃப்ரோடோவோடு நூற்றுக்கணக்கான பக்கங்கள் நடந்துவிட்டோம், கோபம் வரத்தான் செய்யும். வேடரிடம் செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடக் கிடையாது. அடிபட்டவர் கண்ணெதிரே இல்லாதபோது மன்னிப்பது சுலபம். 1983இல் வந்த படத்தில் மகன் லூக்கைக் காப்பாற்றிய கையோடு வேடர் செத்தும்போகிறான். அவனால் சித்திரவதைப்பட்ட மகள் லேயா அப்போது அங்கே இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. எனக்கு அலுத்துவிட்டது.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் (2005–2008) இளவரசன் ஸூக்கோவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. யாரைத் துரத்தித் துரத்தித் தாக்கினானோ அவர்களிடமே போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். என்ன பேசுவதென்று தெரியாமல் முதலில் ஒரு தவளையிடம் ஒத்திகை பார்க்கிறான் (எனக்கு மிகவும் பிடித்த இடம்). போனால் விரட்டிவிடுகிறார்கள். அவர்களில் டாஃப் என்ற சிறுமி மட்டும் இரக்கப்பட்டு இரவில் தேடி வருகிறாள். வருவது யாரென்று தெரியாமல் பதறி நெருப்பை வீசி, அவள் பாதங்களைச் சுட்டுவிடுகிறான். சேர்த்துக்கொண்ட பிறகும் அவர்களில் ஒருத்தியான கட்டாரா தனியாக வந்து எச்சரிக்கிறாள்: ஒரு தப்பு செய்தாலும் உன் கதையை நானே முடித்துவிடுவேன். அவள் மனம் மாறப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. திருந்துவது என்றால் இந்த அவமானமெல்லாம் சேர்ந்ததுதானே?

போரோமிரை மறுபடி படித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடப்பவன் தன் பயணத் தோழன் அரகோர்னிடம் முதலில் சொல்வதே, ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பறிக்கப் பார்த்தேன் என்பதுதான். மன்னிப்பும் கேட்கிறான். வேடர் லேயாவுக்குச் சொல்லியனுப்புவது, தன்னைப் பற்றி லூக் நினைத்தது சரிதான் என்பதை மட்டும்.