மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவது பற்றி

இடத்தை மாற்றுங்கள், பாடத்தை இல்லை. ஆத்தங்குடியில் நீங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு, தரைக்கல் பட்டறை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் 25 பேர் வந்தது இப்போது 6 பேராகிவிட்டது என்கிறீர்கள், வகுப்பு நடப்பதோ பெரிய வீட்டு முகப்பில். அம்மா பாத்திரம் தேய்க்கிற வீட்டில் பிள்ளை உட்கார்ந்து சத்தமாகப் படிக்குமா? எங்கள் ஊரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற பையனைப் பார்த்திருக்கிறேன், இன்னும் மனசு கேட்கவில்லை.

ஒரு வாரம் அவர்கள் தெருவிலேயே, சமுதாயக்கூடத்திலோ வேப்பமரத்தடியிலோ நடத்தி எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2021-ல் வந்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் குடியிருப்புக்குப் பக்கத்தில்தானே நடந்தது. அந்தத் தெருவில் பன்னிரண்டாவது முடித்த பெண் இருந்தால் அவரையே நடத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், எட்டாவது படிக்கும் பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவதற்கு இருட்டும் காரணமாக இருக்கலாம். ஆறரைக்குள் முடித்து, வீடுவரை கூட நடந்து விட்டுவிட்டு வாருங்கள்.