வாங்காத கடனுக்குத் தவணை கேட்கிறார்களா? – கேள்வி பதில்

வங்கியின் மோசடிப் புகார்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அடையாளத் திருட்டு, அதாவது நம் பெயரையும் ஆவணங்களையும் பிறர் மோசடியாகப் பயன்படுத்துவது குறித்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

அம்மா, நான் எங்கும் கடன் வாங்கவில்லை. பெயரே கேள்விப்படாத நிறுவனத்திடமிருந்து ‘தவணை நிலுவை’ என்று குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொடாமல், மோசடி என்று அழித்துவிட்டேன். சரிதானே? (ஈரோடு)

இணைப்பைத் தொடாதது சரி. அழித்தது சரியில்லை தம்பி. உங்கள் பான் எண்ணைக் காட்டி யாரோ உண்மையிலேயே கடன் வாங்கியிருந்தால், அந்தச் செய்திதான் உங்கள் முதல் சாட்சி. இனி வந்தால் படம் பிடித்து வையுங்கள். அதில் உள்ள எண்ணை அழைக்க வேண்டாம்.

அடுத்து, கடன் அறிக்கையை எடுங்கள். யார் எங்கே கடன் வாங்கினார்கள் என்ற பதிவுகளைத் திரட்டி அந்த அறிக்கையைத் தர, சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எல்லோரும் அதிலுள்ள கடன் மதிப்பெண்ணை (கிரெடிட் ஸ்கோர்) பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருட்டு அங்கே தெரியாது. முகவரி, கைபேசி எண் பகுதிக்குப் போங்கள். நீங்கள் குடியிருந்தே இராத ஊரின் முகவரி அங்கே இருக்கிறதா? பிறகு ‘விசாரணைகள்’ பகுதி. நீங்கள் அணுகாத நிறுவனம் உங்கள் விவரத்தைக் கேட்டிருந்தால், உங்கள் பெயரில் விண்ணப்பம் போயிருக்கிறது என்று பொருள். இரண்டாயிரம், மூவாயிரம் என்ற சின்னத் தொகையாக இருந்தாலும் விடாதீர்கள். அது செல்லுபடியானால் அடுத்தது பெரிய தொகையாக இருக்கும்.

கடன் கொடுத்த நிறுவனம், அறிக்கை தரும் நிறுவனம் இரண்டுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. தயங்காமல் கேளுங்கள்.

காலையிலிருந்து என் கைபேசியில் சிக்னல் இல்லை. அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் வீட்டாருக்கு இருக்கிறது. (நாகர்கோவில்)

இதைப் படித்ததும் எழுந்துவிடுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வீட்டார் கைபேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்து, இணையவழிக் கணக்கையும் அட்டைகளையும் முடக்குங்கள். தொலைபேசி நிறுவனம் அதற்குப் பிறகுதான். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி போகக் கூடாது என்று விதி இருக்கிறது. திருடனுக்கு ஓடிபி போய்ச் சேராத அந்த அவகாசத்தை வீணாக்காதீர்கள்.

அப்பாவிடம் சாதாரண கைபேசிதான். ஓடிபி எதுவும் வரவில்லை, பணம் மட்டும் போயிருக்கிறது. எப்படி? (திருவாரூர்)

பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். ‘ஏஇபிஎஸ்’ என்று அச்சாகியிருந்தால், ஆதார் எண்ணும் கைரேகையும் கொண்டு எடுத்த பணம் அது. அதற்கு ஓடிபி தேவையில்லை. பதிவான பத்திரங்களின் நகலிலிருந்து கைரேகையை எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் அச்செடுத்து மோசடி செய்தவர்கள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். கைநாட்டு வைத்து நிலம் வாங்கிய முதியவர்கள் அத்தனை பேரும் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை.

உடனே வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் அப்பாவின் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் திறந்துவிட வேண்டும், மறந்தால் பொருள் கிடைக்காமல் திரும்புவார். கடந்த ஆறு மாதத்தில் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும்.

தையல் வேலை செய்கிறேன். எனக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. தவறாக வந்ததென்று விட்டுவிடலாமா? (சென்னை)

விடவே கூடாது. உங்கள் பான் எண்ணைக் காட்டி யாரோ ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருக்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால், அதன் பெயரில் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று தெரியும். அறியாத நிறுவனம் ஒன்று இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து நோட்டீசுக்குப் பதில் எழுதுங்கள். கெடு முடிவதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும்.

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அறிய முடியுமா? (சேலம்)

முடியும். சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் பாருங்கள். உங்களுடையது அல்லாத எண்ணை அங்கேயே குறிப்பிட்டுத் துண்டிக்கச் சொல்லலாம்.

பணம் எதுவும் போகவில்லை, ஆவணம்தான் தவறாகப் பயன்பட்டிருக்கிறது. காவல்துறை புகாரை ஏற்குமா? (தஞ்சாவூர்)

ஏற்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, இன்னொருவரின் கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ பிற அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதே குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். உங்களைப் போன்றவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். அங்கே கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். கடன் நிறுவனத்துக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் குறிப்பிடுங்கள்.