பைனாகுலரில் மஞ்சள், பச்சை, நீலம்: கேள்வி பதில்

பைனாகுலர், டெலஸ்கோப் வழியே தெரியும் நிறம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் வழக்கமான புலம்பல்: எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்காதீர்கள். முன்பக்க லென்ஸை முழுவதும் மூடும் சூரிய ஃபில்டர் இருந்தால் மட்டுமே பார்க்கலாம். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில்) திருகும் சூரிய ஃபில்டர் கைவசம் இருந்தால் உடைத்துப் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் அடுத்தது உங்கள் கண்தான்.

கே: புதுப் பைனாகுலரில் வெள்ளைச் சுவர் லேசான மஞ்சளாகத் தெரிந்தது. பத்து நிமிடம் பார்த்தபின் மஞ்சளைக் காணோம். எதை நம்புவது?

முதலில் பார்த்ததை. மஞ்சள் எங்கும் போகவில்லை, உங்கள் கண் அதற்குப் பழகிவிட்டது. குண்டு பல்பு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிகிறதல்லவா, அதே வேலைதான். அதனால் கண்ணில் வைத்துப் பார்த்து நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இப்படிச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரியுங்கள். பைனாகுலரைத் திருப்பி, ஐபீஸ் காகிதத்தைப் பார்க்கும்படி பிடித்து, பெரிய லென்ஸ் பக்கமிருந்து எட்ட நின்று பாருங்கள். குழலுக்குள் சின்ன வெள்ளை வட்டம் தெரியும், வெளியே வெறும் காகிதம் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில், அருகருகே. இங்கே கண் ஏமாற்ற வழியில்லை. என்னிடமுள்ள பழைய பைனாகுலர் ஒன்றை வருடக்கணக்கில் சுத்தமான வெள்ளை என்று நினைத்திருந்தேன். காகிதத்தின் மேல் பிடித்தால் அந்த வட்டம் பழைய செய்தித்தாளின் ஓரம் மாதிரி இருந்தது!

சாயல் எங்கிருந்து வருகிறது? கோட்டிங் (லென்ஸ் மேல் பூசும் மெல்லிய படலம்) இல்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4% ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போச்சு. இதைக் குறைக்கத்தான் கோட்டிங். ஜெர்மனியின் சைஸ் (Zeiss) லென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மாகுலா 1935இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒற்றை அடுக்குக் கோட்டிங் ஒரு நிறத்துக்கு மட்டுமே கச்சிதமாக வேலை செய்யும். வழக்கமாக அது நடுவிலுள்ள பச்சை. ஓரத்துச் சிவப்பும் நீலமும் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். பல அடுக்குப் போட்டால் இது சமமாகும். அப்புறம் கண்ணாடியே மஞ்சளாக இருக்கலாம். தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பழைய லென்ஸ்கள் தன் கதிர்வீச்சாலேயே பழுப்பேறும். நேர்க்குழல் பைனாகுலர் பெரும்பாலானவற்றில் பிரிசத்தின் (உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டியின்) ஒரு பரப்புக்கு, முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் போடுவது போன்ற பூச்சு வேண்டும். அது அலுமினியமா, வெள்ளியா, மின்கடத்தாப் பல அடுக்கா என்பதைப் பொறுத்தும் சாயல் மாறும். வளைந்த தோள் கொண்ட பழைய பாணிப் பைனாகுலருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கே: லென்ஸில் பச்சைப் பளபளப்பு. அப்படியானால் காட்சியும் பச்சையாகுமா?

நேர் எதிர். பளபளப்பது உள்ளே போகாமல் திரும்பிய ஒளி. மங்கலான பச்சை மினுக்கம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரத்தச் சிவப்பாக, முகம் பார்க்கிற கண்ணாடி போல ஜொலிக்கும் ‘ரூபி’ கோட்டிங்கை வாங்காதீர்கள். சிவப்பைக் கதவிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் உள்ளே போவது நீலப்பச்சை மட்டும்தான்.

கே: ஊதா கோட்டிங் நல்லதா, பச்சை கோட்டிங் நல்லதா?

மேலே உள்ள பதில்.

கே: மஞ்சளைக் குறை என்கிறீர்கள். துப்பாக்கி சுடுபவர்கள் மஞ்சள் கண்ணாடி போடுவது எதற்கு? மஞ்சள்தான் தெளிவு.

பாதி சரி. காற்றில் சிதறுவது நீலம்தான் அதிகம். மஞ்சள் அதை வடிகட்டுவதால் தூரத்து மலை கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். ஆனால் அந்தி சாய்ந்ததும் கதை மாறும். பகலில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளம், அதாவது மஞ்சள்பச்சைப் பக்கம் கூர்மை அதிகம். இருட்ட இருட்ட அது 507 பக்கம், அதாவது நீலப்பச்சைக்கு நகர்கிறது. இதைக் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே. கண் எந்த ஒளிக்கு ஏங்குகிறதோ அதையே மஞ்சள் பிடுங்கிக்கொள்கிறது.

கே: (அதே நண்பர்) அந்தியிலும் என் மஞ்சள் பைனாகுலர்தான் பளிச்சென்று இருக்கிறது. காமாலைக் கண்ணுக்குத்தான் கண்டதெல்லாம் மஞ்சள், எனக்குக் காமாலை இல்லை.

நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ‘பளிச்’ என்பது அளவு இல்லை, உணர்வு. மஞ்சளைப் பார்த்தால் வெயில் அடிப்பதுபோல் மூளைக்குத் தோன்றும், ஒளி குறைந்தாலும் கூட. எதனோடு ஒப்பிட்டீர்கள்? ஒரே அளவு, ஒரே உருப்பெருக்கமா?

கே: நான் இடையில் நுழைகிறேன். அவர் சொல்வது சரி. என்னுடைய மஞ்சள் பைனாகுலரிலும் பறவையின் இறகு வரி வரியாகத் தெரிகிறது.

பகலில்தானே? பகலில் நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதே இறகு சாம்பலா, பழுப்பா என்று சொல்லி இனம் பிரிக்க வேண்டுமென்றால் மஞ்சள் உங்களைக் கவிழ்த்துவிடும்.

கே: ஓரியன் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படத்தில் சிவப்பு, என் டெலஸ்கோப்பில் சாம்பல். லென்ஸ் சாயலா?

இல்லை. மங்கலான ஒளியில் நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்துவிடும். கேமரா நிமிடக்கணக்கில் ஒளி சேர்க்கிறது, கண் சேர்ப்பதில்லை. பெரிய டெலஸ்கோப்பில் சிலருக்கு லேசான பச்சை தெரியும், அது 500.7 நானோமீட்டரில் ஒளிரும் ஆக்சிஜன்.

கே: அடிவானத்து வெள்ளிக்கு மேலே நீலம், கீழே சிவப்பு. டெலஸ்கோப்பை மாற்றட்டுமா?

வேண்டாம், காற்றுமண்டலம் பிரிசம் போல் பிரிக்கிறது. வெள்ளி மேலே இருக்கும்போது பாருங்கள்.

கே: நிலாவின் ஓரத்தில் ஊதாக் கோடு. இதுவும் சாயல்தானே?

சாயல் என்பது காட்சி முழுவதும் பரவுவது. ஓரத்தில் மட்டும் என்றால் நிறப்பிறழ்ச்சி. இரட்டை லென்ஸ் இரண்டு நிறங்களைத்தான் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும், ஊதா விலகி நிற்கும். அதை வெட்ட ஃபில்டர் போட்டால் நிலா மஞ்சளாகும். மஞ்சள் நண்பருக்குப் பிடிக்கும்.

கே: சிவப்பு கோட்டிங் இரவுக்கு நல்லது என்கிறார்களே?

இல்லை. இல்லை. இல்லை.

கே: அப்பாவுக்கு ஒரு கண்ணில் மட்டும் கண்புரை ஆபரேஷன் ஆனது. அந்தக் கண்ணில் பைனாகுலர் நீலமடிக்கிறது என்கிறார்.

பைனாகுலர் நன்றாகவே இருக்கும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், மூளை அதைச் சரிக்கட்டிவிடும். செயற்கை லென்ஸ் வைத்த கண் சட்டென்று நீலத்தைப் பார்க்கிறது. மற்றக் கண்தான் மஞ்சள். ஓவியர் மோனே 1923இல் அறுவைக்குப் பிறகு பட்ட பாடும் இந்த நிறக் குழப்பம்தான். ஆபரேஷன் எதுவுமில்லாமல் ஒரு கண்ணில் திடீரென நிறம் மங்கினால், பைனாகுலரை வைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

கே: எந்தக் கம்பெனி நல்லது?

இது நிறத்துக்கான இடம். காகிதத்தோடு கடைக்குப் போங்கள்.

கே: (மஞ்சள் நண்பர்) காகிதச் சோதனை செய்தேன். இடது குழல் சுத்த வெள்ளை, வலது குழல் மஞ்சள்! இத்தனை வருடம் தெரியவே இல்லை.

இரண்டு கண் காட்சியையும் மூளை கலந்து ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறது. ஒரு பக்க லென்ஸை யாரோ மாற்றியிருக்கலாம், அல்லது ஒட்டுப்பசை மஞ்சளாகியிருக்கலாம். விற்றுவிடாதீர்கள். நம் சண்டையைத் தீர்க்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது: ஒரே அளவு, ஒரே உருப்பெருக்கம். இன்று அந்தியில் ஒரே கண்ணால் இரண்டு குழலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எதில் பறவை முதலில் இருட்டுக்குள் போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.