லாங் பிங் பற்றிக் கேளுங்கள்: சாம்பியன் பயிற்சியாளர் ஆன கதை

கேள்வி: அண்ணா, சீன வாலிபால் நட்சத்திரம் லாங் பிங்கைப் பயிற்சியாளராகத்தான் எனக்குத் தெரியும். ஆட்டக்காரராக எப்படி?

பதில்: அவர் அடிக்கும் வேகத்தைப் பார்த்து ‘இரும்புச் சுத்தியல்’ என்றே பட்டம் வைத்தார்கள், தம்பி. சீனப் பெண்கள் அணி 1981 உலகக் கோப்பை, 1982 உலக சாம்பியன்ஷிப், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் என்று வரிசையாக வென்றபோது அதன் முக்கிய அட்டாக்கர், அதாவது வலையருகே எழும்பிப் பந்தை ஓங்கி அடிப்பவர், இவர்தான். அப்போது லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே உள்ள தனி ஆள், கிடையாது, சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயிண்ட். எவ்வளவு உயரமான அட்டாக்கரும் பின்வரிசைக்குச் சுழன்று வந்தால் குனிந்து பந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சார், சொந்த நாட்டை எதிர்த்து அமெரிக்க அணிக்குப் பயிற்சி கொடுத்தது சரியா?

பதில்: என்னைக் கேட்டால் சரிதான். அவர் சீனாவுக்குச் செய்யாமல் போகவில்லை, 1995-இல் பொறுப்பேற்று அடுத்த ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிக் கொடுத்தார், 1998-இல் உடல்நிலை காரணமாக விலகினார். அப்புறம் இத்தாலிய கிளப், 2005 முதல் அமெரிக்கா. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீன ரசிகர்கள் முன்னாலேயே அமெரிக்கா சீனாவை 3-2 என்று வென்றது. இறுதியில் பிரேசிலிடம் தோற்று வெள்ளி. வெளிநாட்டில் கற்றதைத்தான் 2013-இல் சீனாவுக்குத் திரும்பியபோது பயன்படுத்தினார். உடற்தகுதிக்கும் காயத்துக்கும் தனித்தனி நிபுணர்கள், பன்னிரண்டு பேரோடு நிற்காமல் பெரிய பட்டியலாக வீராங்கனைகளை அழைத்து மாற்றி மாற்றி ஆட வைப்பது, எல்லாம் அப்படி வந்தவை.

கேள்வி: 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் தட்டுத் தடுமாறித்தானே தங்கம் ஜெயித்தார்கள், அதிர்ஷ்டமா?

பதில்: இல்லவே இல்லை. குழுச் சுற்றில் நெதர்லாந்து, செர்பியா, அமெரிக்கா மூவரிடமும் தோற்று நான்காவதாகத்தான் காலிறுதிக்கு வந்தார்கள், எதிரே அதுவரை ஒரு செட் கூட இழக்காத பிரேசில், அதுவும் பிரேசில் மண்ணில். முதல் செட் 15-25. அந்த இடத்தில் நிறைய பயிற்சியாளர்கள் முதல் ஆறு பேரையே நம்பி உட்கார்ந்திருப்பார்கள். இவர் பெஞ்சைத் திறந்தார், ஆளை மாற்றினார், ஐந்தாவது செட்டை 15-13 என்று எடுத்தார்கள். பெரிய பட்டியலின் பலன் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பிறகு குழுவில் தோற்ற அதே நெதர்லாந்தையும் செர்பியாவையும் 3-1, 3-1 என்று சாய்த்தார்கள். இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தைப் பாருங்கள்: சீனா போட்ட சர்வீஸைச் செர்பியா எடுக்க, பந்து வலைக்கு மேலே மிதந்து திரும்பி வருகிறது, சீனக் கேப்டன் ஹுய் ருவோச்சி எழும்பி அதை அடித்து இறக்குகிறார். ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு இதயச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர்! அவரைக் கைவிடாமல் காத்திருந்து அணியில் வைத்ததற்காகவே லாங் பிங்கை நான் கொண்டாடுவேன்.

கேள்வி: ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் தங்கம் வேறு யார் வென்றார்கள்?

பதில்: வாலிபாலில் முதல் ஆள் லாங் பிங். அடுத்தவர் கார்ச் கிராலி. 1984, 1988 இரண்டிலும் அமெரிக்க ஆண்கள் அணியில் தங்கம், 1996-இல் பீச் வாலிபாலில் இன்னொன்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்சியாளராகத் தங்கம்.

கேள்வி: அதே டோக்கியோவில் சீனா என்ன ஆனது?

பதில்: குழுச் சுற்றோடு வெளியே. முக்கிய அட்டாக்கர் ஜூ டிங்குக்கு மணிக்கட்டுக் காயம். லாங் பிங்கும் அத்தோடு பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். எனக்கு அது பெரிய வருத்தம்தான், ஆனாலும் 2019 உலகக் கோப்பையில் பதினொரு ஆட்டத்தையும் வென்ற அணியும் அவருடையதுதானே.