உங்கள் கணக்கில் தாய்ப்பூனை எங்கே?

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டு மூன்று வாரமாகிறது. "கண் திறந்திட்டுது, இப்பவே கொண்டுபோங்கோ, அப்பதான் உங்களோட ஒட்டும். மாத முடிவுக்குள்ள எடுக்காட்டி மீன் சந்தையடியில விட்டிடுவன்" என்கிறார் அந்த வீட்டு அக்கா. தரம் 5 படிக்கும் என் மகளுக்கு நான்கும் வேண்டுமாம். கணவர் ஒன்றே போதும் என்கிறார். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை பூனைப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது மாமியின் கட்டளை. எடுத்தாலும் கடுவன்தானாம், பெட்டை என்றால் வீட்டைக் குட்டியால் நிரப்பிவிடுமாம். பரீட்சை அடுத்த மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மார்கழி லீவில் பத்து நாள் யாழ்ப்பாணம் போகும் எண்ணமும் உண்டு. எப்போது எடுப்பது, எத்தனை எடுப்பது? (போன மாசியில் ஒரு குட்டி வளர்த்தோம். வாந்தியும் வயிற்றோட்டமுமாகி மூன்றே நாளில் செத்துப்போனது. அதிலிருந்து மகள் ஏங்கிப்போய் இருக்கிறாள்.)
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

ஆசிரியர் பதில்: சகோதரி, முழுக் கடிதத்திலும் முக்கியமான செய்தியை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

வாந்தி, வயிற்றோட்டம், மூன்று நாளில் சாவு. ஊசி போடாத குட்டிக்கு இப்படி நடந்தால் கால்நடை வைத்தியர் முதலில் சந்தேகிப்பது பான்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோயை. நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகிற பார்வோ வைரசின் நெருங்கிய உறவு அது. உங்கள் குட்டிக்கு வந்தது அதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அதுதான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதில் உங்களுக்கு நட்டமில்லை. இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நோயுற்ற குட்டி படுத்த இடத்தில், சாக்கில், தட்டில் ஒரு வருடம்வரைகூடச் சாகாமல் கிடக்கும். மாசியில் செத்த குட்டியின் பெட்டியிலேயே ஆடியில் புதுக் குட்டியைப் படுக்கவைத்தால் மகள் இன்னொரு முறை அழ வேண்டியிருக்கும்.

அந்தப் பெட்டி, துணி, தட்டு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் பிளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். வீட்டில் வழக்கமாகத் தெளிக்கும் வாசனைத் திரவங்களில் பல இந்த வைரசிடம் செல்லாது. வளவு மண்ணைக் கழுவ முடியாதுதான். அதனால்தான் ஊசி வேண்டும்.

இனி, எப்போது என்ற கேள்வி. பன்னிரண்டு வாரத்தில் எடுங்கள். மிகவும் அவசரமென்றால் எட்டு வாரம், அதற்குக் கீழே ஒரு நாளும் வேண்டாம். மூன்று வாரக் குட்டிக்குத் தாயின் பால்தான் சாப்பாடு. நான்கு வாரமளவில்தான் மெல்ல வேறு சாப்பாட்டில் வாய் வைக்கும். எட்டு வாரமாகும்போதுதான் பால் மறக்கும். அந்த அக்கா மீன் சந்தையடியில் விடுவேன் என்கிறாரே, பல் சரியாக முளைக்காத குட்டி அங்கே எந்த மீனைத் தின்னும்? அங்கே விடுவதும் கொல்வதும் ஒன்றுதான் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். ஒரு நாளாவது யாராவது சொல்ல வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, ஒட்டும் விஷயத்தில் அக்கா பாதி சரி. குட்டி மனிதரோடு பழகுகிற பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரைதான். அந்த நாட்களில் மனிதக் கை படாத குட்டி பிறகு சீறிக்கொண்டே இருக்கும். ஆனால் பழகுவதற்குக் குட்டியை ஏன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்? மகள் ரியூசன் முடிந்து வரும் வழியில் அரை மணி நேரம் அங்கே இருந்து, கையைக் கழுவிவிட்டு, நான்கையும் மடியில் வைத்து விளையாடிவிட்டு வரட்டும். படிப்பும் கெடாது, குட்டியும் ஒட்டும். எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது தாயும் கூடப்பிறந்தவையும்தான். அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி உங்கள் கையிலும் காலிலும் படித்துப் பார்க்கும்.

இன்னொரு இலாபமும் உண்டு. முதல் ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போடலாம். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரமாகும்வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம் என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. பன்னிரண்டு வாரத்தில் எடுத்தால், உங்கள் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே இரண்டு ஊசி உடம்பில் ஏறியிருக்கும். விசர்நோய்த் தடுப்பூசியும் அந்த வயதில்தான் தொடங்கும். இது நாய்க்கு மட்டுமான நோய் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பூனை கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வாரம் புரட்டாசியில் நிறைகிறது. பரீட்சை முடிந்திருக்கும். மாமி சொன்ன காலமே வந்துவிட்டது, காரணம்தான் வேறு. நவராத்திரியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பம் ஊர்வலம் வரும் இரவுகளில் மேளச் சத்தத்துக்குப் புதுக் குட்டி அலுமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்போ, எல்லாம் அடங்கிய பின்போ கொண்டுவாருங்கள்.

எத்தனை? இரண்டு. கணவர் ஒன்று என்பது சிக்கனமாகத் தெரியும், ஆனால் உங்கள் வீடு காலையிலிருந்து மாலைவரை வெறும் வீடு. ஒற்றைக் குட்டி அந்த நேரமெல்லாம் சும்மா இருக்காது. திரையில் ஏறும், நீங்கள் களைத்து வந்ததும் குதிகாலில் பாயும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு என்றால் ஒன்றையொன்று ஓடவைத்துக் களைத்துப் படுத்துவிடும். இப்போது ஒன்று, அடுத்த வருடம் இன்னொன்று என்ற யோசனையும் வேண்டாம். வளர்ந்த பூனை தன் வீட்டுக்குள் வரும் புதுக் குட்டியைப் பல வாரம் பகையாகத்தான் பார்க்கும்.

நான்கு? மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முடியாது. வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சூடை மீன் என்ன விலைக்குப் போகிறது என்பதை மாமியிடம் கேட்கட்டும். பூனை சோறும் குழம்பும் தின்று வாழும் பிராணி அல்ல. அதற்கு மாமிசம் வேண்டும். குழம்பில் கிடக்கும் வெங்காயம் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். சூடையைப் பச்சையாகப் போடுவதும் நல்லதல்ல, அவித்து முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதும் தினமும் மீன் மட்டுமே கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும். முட்டை, கோழி ஈரல் என்று மாறி மாறி வர வேண்டும். நான்கு பேருக்கு இதைப் பதினைந்து வருடம் செய்ய முடியுமா? பூனை அவ்வளவு காலம் இருக்கும். மகள் பல்கலைக்கழகம் முடித்து வரும்போதும் அது உங்கள் விறாந்தையில் படுத்திருக்கலாம்.

கடுவன் விஷயத்தில் மாமியோடு நான் ஒத்துப்போகவில்லை. முதலாவது, மூன்று வாரத்தில் யார் கடுவன் யார் பெட்டை என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். பிழைவிட நிறைய வாய்ப்பு. (மூன்று நிறம் கலந்த குட்டி மட்டும் பெரும்பாலும் பெட்டைதான், அது பரம்பரை அலகின் வேலை.) இரண்டாவது, நலமடிக்காத கடுவன் குட்டி போடாதுதான். ஆனால் சுவரெல்லாம் மூத்திரம் பீச்சும், இரவில் மதில் தாண்டி ஊர்ச் சண்டைக்குப் போகும், காது கிழிந்து வரும் அல்லது வராமலே போகும். அது ஊரில் போடவைக்கும் குட்டிகளை மாமி எண்ணப்போவதில்லை, அவ்வளவுதான். ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் எடுத்தால் அண்ணன் தங்கை முறையெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நான்கைந்து மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே எந்த இரண்டாயினும் சரி, இரண்டுக்கும் கருத்தடை சத்திரசிகிச்சை. செலவை இப்போதே கால்நடை வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். அந்தத் தொகைக்குக் கணவர் முகம் சுளித்தால், எண்ணிக்கையைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது என் குற்றச்சாட்டு. உங்கள் கடிதத்தில் மகள், கணவர், மாமி, அக்கா எல்லோரும் பேசுகிறார்கள். தாய்ப்பூனையைப் பற்றி ஒரு வரி இல்லை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும். அடுத்த ஈற்றுக்கு ஒன்பது வாரம் போதும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களிலாவது அதற்கு ஓய்வு கிடைக்கும். திருகோணமலையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம், வருடம் முழுவதும் அதற்குப் பருவம்தான். இந்த நான்குக்கும் வீடு தேடி முடிக்கிற நேரம் அடுத்த நான்கு அந்த அக்காவின் அடுப்படியில் கிடக்கும். அவையும் மீன் சந்தைக்கா?

கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்களுக்குப் பாண் போட்டுப் படம் எடுக்கிற ஊர் எங்களுடையது. அவை கடைத்தெருவில் பொலித்தீனையும் சேர்த்து மெல்லும்போது யாருடைய மான் என்று கேட்டால் பதில் வராது. பூனையிலும் அதே மாதிரி அன்புதான் நடக்கிறது.

அதனால் அக்காவோடு ஒரு பேரம் பேசுங்கள். குட்டிகள் பன்னிரண்டு வாரம்வரை அவர் வீட்டில் தாயோடு இருக்க வேண்டும். அதுவரை தாயின் சாப்பாடு உங்கள் பொறுப்பு. நான்குக்கும் பூச்சி மருந்து, உங்கள் இரண்டுக்கும் ஊசி, அதுவும் நீங்கள். பால் மறந்து இரண்டு வாரம் போனதும் தாய்க்குச் சத்திரசிகிச்சை. அதில் பாதிச் செலவு உங்களுடையது. அதுவரை தாயை வெளியே விடாமல் பார்ப்பது அவருடைய வேலை. மற்ற இரண்டு குட்டிக்கும் ஆள் தேட இரண்டு மாத அவகாசம் இருக்கிறது, அதை அவரும் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். மாத முடிவு என்று அவர் நாள் குறித்தது பெரும்பாலும் செலவுக்குப் பயந்துதான் இருக்கும்.

உங்கள் இரண்டுக்கும் சத்திரசிகிச்சையைக் கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள். பெட்டைக்குப் பத்து நாள் பாய்ச்சல் இல்லாமல் வீட்டுக்குள் ஓய்வு வேண்டும், மாரி மழையில் எப்படியும் உள்ளேதான் இருக்கும். மார்கழியில் நீங்கள் யாழ்ப்பாணம் போகும் பத்து நாளும் தினமும் வந்து சாப்பாடு வைக்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு அந்த அக்காவையே கேளுங்கள். தன் பூனையின் சத்திரசிகிச்சைக்குப் பாதிக் காசு கொடுத்தவரிடம் அவர் இல்லை என்று சொல்வாரா, பார்ப்போம்.