கடைக்காரர் சொன்ன நாள் கணக்கு ரோட்டர்டாமில் செல்லாது

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் 4 ஏக்கரில் அல்போன்சா மா வைத்திருக்கிறேன். பிஞ்சுப் பருவத்தில் தத்துப்பூச்சிக்குக் குளோர்பைரிபாஸ் அடித்து 40 நாள் ஆகிறது. அடித்து 20 நாள் கழித்துப் பறித்தால் போதும் என்றார் மருந்துக்கடைக்காரர். பழத்தை நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு அனுப்புவதாக ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். தோட்டத்துக்கு 'ஒரு வருடச் சான்றிதழ்' வாங்க 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்வது 'பைட்டோ' எனப்படும் தாவர நலச் சான்றிதழாக இருந்தால், அதைத் தோட்டத்துக்கு மொத்தமாக வாங்க முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும், ஏற்றுமதியாளர் பெயரில், பழத்தைப் பார்த்த பிறகு அரசு அதிகாரி தருவது அது. அதுவும் பூச்சியும் நோயும் இல்லை என்பதற்கு மட்டும்தான். 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தை நிறுத்தி வைத்ததே, அது பழ ஈயால் வந்த வினை. மருந்து எச்சத்தைப் பற்றி அந்தக் காகிதம் ஒரு வார்த்தை சொல்லாது.

உங்கள் சிக்கல் எச்சம். எத்தனை நாள் ஆயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை, பழத்தில் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்க்கிறார்கள். குளோர்பைரிபாஸுக்கு 2020 முதல் அங்கே அனுமதி இல்லை. மாம்பழத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. 100 டன் பழத்தில் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலோடு அரைத்துத்தான் சோதிப்பார்கள், அதனால் 'தோலைச் சீவினால் போச்சு' என்ற பேச்சு எடுபடாது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏஜென்ட்கள் இதை வைத்துத்தான் குழப்புவார்கள். ஐரோப்பாவில் தெளிக்கத் தடை உள்ள மருந்து என்றாலே இறக்குமதிப் பழத்தில் துளியும் கூடாது என்று அர்த்தமில்லை. வெளிநாட்டில் அந்த மருந்துக்குத் தேவை இருந்து, தின்பவருக்குக் கேடில்லை என்று தரவும் கொடுத்தால், சில மருந்துகளுக்குத் தனி வரம்பு தருகிறார்கள். ஆகவே 'தடை செய்த மருந்தும் போகும்' என்று ஒருவர் சொன்னால் அது முழுப் பொய்யல்ல. ஆனால் உங்கள் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்புறம், அந்தப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள், அதில் மா என்று அச்சிட்டிருக்கிறதா? எந்தப் பயிருக்கு எது என்று கடையில் சொல்ல ஆளில்லை, ஏற்றுமதி வரம்பு பற்றிப் பாட்டிலில் ஒரு வரி இல்லை. மாட்டிக்கொண்ட பிறகுதான் சுற்றறிக்கை வரும். 2010-ல் மகாராஷ்டிர திராட்சைக்கு நடந்தது இதுதான். குளோர்மெக்வாட் என்ற, கொடியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்து அப்போது இங்கே சோதனைப் பட்டியலிலேயே இல்லை. ஐரோப்பியத் துறைமுகங்களில் சரக்கு சிக்கியது, நட்டம் விவசாயி தலையில்.

சரி, செய்ய வேண்டியது இது. அறுவடைக்கு முன்பே, பல மரங்களிலிருந்து பழம் பறித்து, அபெடா (வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த ஆய்வகத்தில் உங்கள் பெயரில் கொடுங்கள். குளோர்பைரிபாஸை 0.01 வரை அளப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 40 நாளில் போயிருக்குமா என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும், நானோ கடைக்காரரோ சொல்ல முடியாது. தேறவில்லை என்றால் ஏற்றுமதியை இந்த வருடம் மறந்துவிடுங்கள். அந்தப் பழம் நம்மூர்ச் சந்தைக்கு வந்தால் கேட்பாரில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

தேறினாலும் 'விற்ற பிறகு பணம்' என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே கழித்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு போன் வரும். தோட்டத்திலேயே எடை போட்டு, விலை பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு லாரியை அனுப்புங்கள். மறுத்தால் அந்த ஏஜென்ட் வேண்டாம்.