லண்டன் பாதாளச் சாக்கடையும் 1866 காலராவும்

அன்புள்ள ஐயா,

1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் லண்டனில் பாதாளச் சாக்கடைத் திட்டம் தொடங்கியது, அதோடு காலரா ஒழிந்தது என்று எழுதியிருந்தீர்கள். 1865-லேயே சாக்கடை திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1866-ல் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்?

வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

பொருந்தாது. ‘அதோடு ஒழிந்தது’ என்று எழுதியது என் பிழை.

1865-ல் திறந்தது தென்கரையின் கிராஸ்னெஸ் நீரேற்று நிலையம். வடகரை வேலை பாக்கி இருந்தது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் அங்கே மூன்று பெருங்கால்வாய்கள் போட்டார்: மேட்டுக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, தாழ்வான ஆற்றோரத்துக்கு ஒன்று. மைலுக்கு இரண்டடி வாட்டம் கொடுத்தார். கால்வாய்களில் பலவும் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்திய முட்டை வடிவம். நீர் குறைந்த நாளிலும் அடியில் ஒடுங்கி விரைவாக ஓடும், கசடு தங்காது. தட்டையான அடி என்றால் நீர் மெல்லிதாகப் பரவி, மணலும் மலமும் படிந்து அடைத்துக்கொள்ளும்.

சிக்கல் மூன்றாவது கால்வாயில். தாழ்வான பகுதியின் கழிவுநீரைச் சுமார் 36 அடி மேலே ஏற்றினால்தான் கிழக்கே, கழிவை ஆற்றில் விடும் இடமான பெக்டனுக்குப் போகும் கால்வாயில் சேர்க்க முடியும். அதற்கான அபே மில்ஸ் நிலையம் 1868-ல்தான் முடிந்தது. அதுவரை கிழக்கு லண்டன் ஏழைகளின் கழிவுக்குப் பழைய வழிதான்.

1866 ஜூன் கடைசியில் கிழக்கு லண்டனின் ப்ராம்லியில் ஒரு கூலித்தொழிலாளியும் மனைவியும் காலராவில் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் கழிப்பறை லீ ஆற்றில் வடிந்தது. கடல் ஓதம் அந்த ஆற்றில் மேல்நோக்கியும் ஏறும். சற்று மேலே, ஓல்டு ஃபோர்டில், ஆற்றை ஒட்டி கிழக்கு லண்டன் குடிநீர்க் கம்பெனியின் மூடாத குளங்கள். வடிகட்டிய நீரைத்தான் தருகிறோம் என்று கம்பெனி சாதித்தது. ஆனால் வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்தது! மணல் வடிகட்டியைத் தாண்டி விலாங்கு வர வழியே கிடையாது. குடிநீரை வடிகட்ட வேண்டும் என்று 1852-லேயே சட்டம் இருந்தது என்பதுதான் மனத்தைக் கனக்கச் செய்கிறது.

புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஃபார் இறப்புக் கணக்கையும் குடிநீர் விநியோக எல்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லண்டனில் இறந்த 5,500-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கம்பெனியின் எல்லைக்குள். கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்று ஒரு காலத்தில் நம்பியவர் அவர்.

ஆகவே கழிவை அகற்றுவது பாதி வேலை, குடிநீரை வடிகட்டுவது மறுபாதி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைப் பாருங்கள். அங்கே பாதாளச் சாக்கடை 1840-களிலேயே வந்துவிட்டது. குடிநீரை மட்டும் எல்பே ஆற்றிலிருந்து வடிகட்டாமல் எடுத்தார்கள். 1892-ல் 8,000-க்கும் மேல் பலி. ஒட்டியே இருந்த ஆல்டோனா அதே ஆற்று நீரை, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு எடுத்து, மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே சாவு மிகக் குறைவு.